மைல் பேரேடு: சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் படுத்துக்கொண்டு போவது எப்படி

என் இடது முழங்கால் ஓர் அளவுக்கு மேல் மடங்காது. மடக்கியே வைத்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் வீங்கிவிடும். மகள் வசிப்பதோ சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில், ஃப்ரீமான்ட்டில். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து பசிபிக்கைத் தாண்ட ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். மூன்று முறை எகானமியில் போய் வந்தேன். மூன்றாம் முறை இறங்கியபோது செருப்புக்குள் கால் நுழையவில்லை. பேத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள், நான் அலறிவிட்டேன். குழந்தை பயந்து அழுதது. இனி அந்தக் கடலைப் படுத்துக்கொண்டுதான் கடப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

இருக்கை படுக்கையாகும் பிசினஸ் கிளாஸைப் பணம் கொடுத்து வாங்க என் ஓய்வூதியம் இடம் தராது. இருந்த ஒரே வழி மைல்: விமான நிறுவனங்கள் தம் உறுப்பினர்களுக்குத் தரும் புள்ளி; போதுமான அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். வங்கியில் முப்பத்தொரு வருடம் பேரேடு எழுதிய கை என்பதால், ஒரு நீள நோட்டு வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று என்று கோடு போட்டு உட்கார்ந்தேன். இதுவரை இரண்டு முறை படுத்துக்கொண்டு கடந்துவிட்டேன். எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடியவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மைல் கணக்கு என்பது வட்டி தராத வைப்பு. வட்டி இல்லை என்பதுகூடப் பெரிதல்ல, அசலின் மதிப்பையே குறைக்கும் உரிமை அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா, எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்ற தன் விலைப்பட்டியலையே 2015இல் எடுத்துவிட்டது. இன்னோர் அமெரிக்க நிறுவனமான யுனைட்டெட் 2019இல் அதையே செய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் இன்னும் பட்டியல் வைத்திருக்கிறது, ஆனால் 2022 ஜூலையில் அதிலுள்ள எண்களை உயர்த்தியது. இப்படிப்பட்ட வங்கியில் யாராவது ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பார்களா? எந்தப் பயணத்துக்கு என்று முடிவு செய்துகொண்டு சேர்க்க வேண்டும், சேர்ந்ததும் செலவழித்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ‘இருக்கட்டும், பின்னால் உதவும்’ என்று ஒரு விமான நிறுவனத்தில் 38,000 மைலை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தார். காலாவதியாகிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் பிரித்துப் படித்தது நான்தான்.

மைல் எப்படிச் சேர்கிறது

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிது: பறந்த தூரம் எவ்வளவோ அவ்வளவு மைல். இன்று இரண்டு முறை இருக்கிறது. டெல்டாவும் யுனைட்டெடும் 2015 முதல், அமெரிக்கன் 2016 முதல், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023 முதல், நீங்கள் கொடுத்த பணத்துக்கு ஏற்ப மைல் தருகின்றன. வேறு சில திட்டங்கள் இன்னும் தூரத்தையே அளக்கின்றன; ஆனால் அந்தத் தூரத்தில் எத்தனை சதவீதம் உங்களுக்கு என்பதை டிக்கெட்டிலுள்ள ஓர் எழுத்து முடிவு செய்கிறது.

அந்த எழுத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. டிக்கெட்டில் விமான எண்ணை ஒட்டி ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஒய்’ என்றால் முழுவிலை எகானமி, ‘ஜே’ என்றால் முழுவிலை பிசினஸ். நடுவில் தள்ளுபடிக்கு ஏற்ப ஒவ்வோர் எழுத்து. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு முழு மைலும் மற்றவருக்குப் பாதியும் கிடைப்பது இதனால்தான். பணம் கட்டுவதற்கு முன், மைலைச் சேர்க்கப்போகும் திட்டத்தின் தளத்தில் அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மிக மலிவான சில எழுத்துகளுக்கு ஒன்றுமே கிடைக்காது.

என் வழித்தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை–சிங்கப்பூர் சுமார் 1,800 மைல். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ சுமார் 8,440. போய்வர மொத்தம் ஏறக்குறைய 20,500. மலிவு எகானமிக்குப் பாதி என்றால் 10,250 கிடைக்கும். பிசினஸ் மைல் டிக்கெட்டோ ஒரு வழிக்கே லட்சத்தைத் தாண்டும். அதாவது பத்து முறை முழங்காலைக் கொடுத்தால் ஒரு முறை, அதுவும் ஒரு பக்கம் மட்டும், படுத்துக்கொள்ளலாம். கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். வருடத்துக்கு ஒரு முறை போகிறவர் பத்தாவது பயணத்துக்கு வருவதற்குள் முதல் ஆறேழு பயணத்து மைல் செத்திருக்கும். பறந்தே மைல் சேர்த்துவிடலாம் என்பது அலுவலகச் செலவில் பிசினஸில் போகிறவர்களுக்கான வழி. அவர்களுக்கு 125 சதவீதம் என்று வைத்தால் இரண்டே பயணத்தில் 51,000 சேரும். கிரிஸ்ஃப்ளையரில், அதிகம் பறப்பவர்களுக்குத் தரும் எலைட் கோல்டு தகுதிக்கு ஒரு வருடத்தில் வேண்டியது 50,000. அந்தத் தகுதி வந்துவிட்டால் எகானமியில் போனாலும் லவுஞ்ச் எனும் விமான நிலைய ஓய்வறையின் கதவு திறக்கும். அவர்களுக்கு என் புத்திமதி தேவையில்லை.

எந்தத் திட்டத்தில் சேருவது? நீங்கள் எந்த ஊருக்கு அடிக்கடி போகிறீர்கள் என்பதுதான் பதில். ஸ்டார் அலையன்ஸ் 1997இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டணி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்ஸாவும் அதில் உண்டு, ஏர் இந்தியா 2014இல் சேர்ந்தது. ஆகவே ஏர் இந்தியாவிலோ லுஃப்தான்ஸாவிலோ பறந்தாலும் மைலைக் கிரிஸ்ஃப்ளையரில் போட்டுக்கொள்ளலாம். லண்டன் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் ஏவியோஸ் என்ற வேறு வகை மைலைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதைத்தான் தருகிறது, கத்தார் ஏர்வேஸும் 2022 முதல் அதற்கு மாறிவிட்டது. நான் கிரிஸ்ஃப்ளையரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நெடுந்தூர பிசினஸ் இருக்கைகளைப் பெரும்பாலும் தன் உறுப்பினர்களுக்கே ஒதுக்குகிறது. கூட்டாளி நிறுவனத்தின் மைலோடு போய்க் கேட்டால் கிடைப்பது அரிது. எனக்கு வேண்டிய படுக்கை அங்கே இருக்கிறது, ஆகவே கணக்கும் அங்கே. ஒரே கணக்கு. நான்கு இடத்தில் நாலாயிரம் நாலாயிரமாக வைத்திருப்பவர் எங்குமே ஏற முடியாது.

பெயர்

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். என் பெயர் மீனாட்சி, அப்பா பெயர் காத்தமுத்து. பாஸ்போர்ட்டில் ‘மீனாட்சி காத்தமுத்து’ முழுவதும் இயற்பெயர் என்ற இடத்தில் இருந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. விமான நிறுவனங்களின் கணினி அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ஒரு முறை டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் காத்தமுத்துவைக் குடும்பப் பெயராக்கினார். மறுமுறை வேறொருவர் முழுப்பெயரையும் குடும்பப் பெயரில் தள்ளி, முன்னால் ‘எஃப்.என்.யு.’ என்று போட்டார். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருளாம். அமெரிக்க விசாவிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். நானோ மைல் கணக்கை ‘கே. மீனாட்சி’ என்று, வங்கிக் கையெழுத்து மாதிரி, தொடங்கி வைத்திருந்தேன்.

மூன்று பேரும் நான்தான். கணினிக்கு மூன்றும் வேறு வேறு ஆள். ஒரு முழுப் பயணத்தின் மைல் ஏறவில்லை. கேட்டு எழுதியதற்கு ‘பயணியின் பெயரும் உறுப்பினர் பெயரும் பொருந்தவில்லை’ என்று பதில் வந்தது. பொய்க் கையெழுத்து என்று நான் எத்தனை காசோலையைத் திருப்பியிருப்பேன்! அந்தப் பாவம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முதலெழுத்தை விரித்து, மைல் கணக்கைத் தொடங்குங்கள். எந்தப் பாதி எந்தக் கட்டத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிவைத்து, டிக்கெட் போடுகிறவரிடம் அதையே கொடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிவிட்டால் தொல்லை ஒழியும். நான் அடுத்த முறை அதைத்தான் செய்தேன். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸை எறியாதீர்கள். ஏறாவிட்டால் கேட்டு வாங்கச் சில மாதங்களே அவகாசம் தருவார்கள்.

அட்டை

பறந்து சேராது என்றால் மீதி எங்கிருந்து? கடன் அட்டைப் புள்ளிகளிலிருந்து. பல வங்கிகள் தங்கள் புள்ளிகளை விமான மைலாக மாற்ற விடுகின்றன. மாற்று விகிதம் அட்டைக்கு அட்டை வேறுபடும், திடீரென்று மாறவும் செய்யும்; வாங்கும் அன்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வங்கிக்காரியாக ஒன்று சொல்கிறேன். அட்டைப் பாக்கியை ஒரு மாதம்கூடத் தள்ளாதீர்கள். மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டிய வட்டி என்றால் வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல். அந்த வட்டியைக் கட்டிக்கொண்டு மைல் சேர்ப்பதைவிட டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். மைலுக்காக ஒரு செலவைக் கண்டுபிடிப்பதும் அதே ரகம். எப்படியும் செய்யவேண்டிய செலவை அட்டையில் செய்வதுதான் முறை. என் பேரேட்டின் வரவுப் பக்கத்தில் பெரிய தொகைகள் இரண்டு: மாடிக்குப் போட்ட தட்டோடு, காப்பீட்டுப் பிரீமியம். மூன்றாவதாக மகன் கல்யாண மண்டபத்தையும் எழுதப் பார்த்தேன்.

மண்டபத்துக்காரர் அட்டை என்றால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார். அங்கேயே நோட்டை எடுத்தேன். லட்சத்துக்கு 2,000 ரூபாய் கூடுதல். அந்த லட்சத்தில் எனக்குக் கிடைப்பது 1,000 மைல் என்றால் மைல் ஒன்றை இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறேன். அது எனக்குக் கட்டுமா?

கட்டுமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. பிசினஸ் டிக்கெட் ஒரு வழிக்கு 2,40,000 ரூபாய், மைல் டிக்கெட்டுக்கு 1,15,000 மைலும் 10,000 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்வோம். 2,40,000இலிருந்து 10,000ஐக் கழித்து 1,15,000ஆல் வகுத்தால் மைலுக்கு இரண்டு ரூபாய். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நான் 2,40,000 ரூபாய் கொடுத்துப் போயிருக்கவே மாட்டேனே! நான் கொடுத்திருக்கக்கூடியது எகானமிக்கு 60,000. அதை வைத்து வகுத்தால் மைலுக்கு 43 பைசா. மிச்சம் முழங்காலுக்கு. இரண்டு ரூபாய்க்கும் 43 பைசாவுக்கும் நடுவில் உங்கள் எண் எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எண்பது பைசா என்று எழுதினேன். மண்டபத்துக்காரருக்குக் காசோலை கொடுத்தேன்.

புள்ளியை மைலாக மாற்றியபின் திரும்ப மாற்ற முடியாது. வங்கியில் கிடக்கும் புள்ளி பல திட்டங்களுக்குப் போகும். மைலாக மாறிவிட்டால் ஒரே கதவுதான், ஆயுள் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மாறி வந்துசேரச் சில நாள் பிடிக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இருக்கை தேடுவது

கிரிஸ்ஃப்ளையரில் மைல் டிக்கெட் முன்பதிவு 355 நாள் முன்பே திறக்கும். மைல் குறைவான வகைக்குச் சேவர் என்று பெயர். அது இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். ரயில் டிக்கெட்டுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது புதிதல்ல. டிசம்பரையும் பள்ளி விடுமுறை மாதங்களையும் விட்டுவிட்டேன், பிப்ரவரியில் கிடைத்தது. ஒரே தேதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு மைல் டிக்கெட் சரிப்படாது.

வரியையும் பாருங்கள். சில நிறுவனங்கள் மைல் டிக்கெட்டிலும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை வாங்குகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களுக்கு அதை 2017 மார்ச்சில் நீக்கியது. பிரிட்டனிலிருந்து பிசினஸில் புறப்பட்டால் அந்த அரசு வசூலிக்கும் பயணி வரி எகானமியைவிட அதிகம்; லண்டன்காரர்கள் திரும்பும் பக்கத்தை யோசித்துப் போட வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு மட்டுமே மைல் இருந்தால் எந்தப் பக்கம்? போகும்போது என்பார்கள், சோர்வில்லாமல் பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று. எனக்குத் திரும்பும்போது. சிங்கப்பூரிலிருந்து காலையில் கிளம்பும் விமானம் அதே நாள், ஏறக்குறைய அதே மணிக்கு, சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிவிடும். பாதிப் பயணம் விழித்தே இருக்கலாம். திரும்பும்போது எதிர்க்காற்றால் இரண்டு மணி நேரம்போல் கூடும், இரவில் கிளம்பி இருட்டைத் துரத்திக்கொண்டே மேற்கே போகும். படுக்கைக்கு அங்கேதான் மதிப்பு.

சென்னை–சிங்கப்பூரைத் தனி டிக்கெட்டாக வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. பெட்டியை வெளியே வந்து எடுக்கவேண்டி வந்தால் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்.

மைல் கொடுத்து இருக்கையை உயர்த்திக்கொள்வது பற்றியும் கேட்கிறார்கள். பல நிறுவனங்களில் ஒரு படிதான் ஏறலாம். நடுவில் பிரீமியம் எகானமி இருக்கும் விமானத்தில் எகானமிக்காரர் அதோடு நின்றுவிடுவார். மிக மலிவான டிக்கெட்டை உயர்த்தவே முடியாது. மலிவாக பிசினஸ் என்று காட்டும் தளங்களில் ஒவ்வொரு விமானத்தையும் விரித்துப் பாருங்கள். நீளமான பகுதி எகானமியாகவும் குட்டிப் பகுதி மட்டும் பிசினஸாகவும் இருக்கும்.

ஏறிய பிறகு

பிசினஸ் என்ற பெயரில் எல்லா இருக்கையும் ஒன்றல்ல. ஒரு வரிசையில் ஒன்று–இரண்டு–ஒன்று என்று இருந்தால் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். இரண்டு–மூன்று–இரண்டு என்றால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். நான் போன ஏ350 விமானத்தில் இருக்கை சாய்ந்து படுக்கையாகாது. எழுந்து நிற்க வேண்டும். முதுகுப் பலகையை முன்னால் கவிழ்த்தால் அதன் பின்பக்கம் மெத்தையாக வரும். எனக்கு அது தெரியாமல் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தேன். பணிப்பெண் வந்து, ‘அம்மா, ஒரு நிமிடம் எழுந்துகொள்ளுங்கள்’ என்றாள், தமிழில்! சிங்கப்பூர்ப் பெண். கால் வைக்க மூலையில் ஒரு பொந்து. உடம்பைக் குறுக்காகச் சாய்த்துப் படுக்க வேண்டும். மடங்காத காலுக்கு அது இடைஞ்சல். பகுதியின் முதல் வரிசையில் கால் வைக்கும் திண்டு அகலமாக இருக்கும் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை அதைத்தான் பிடித்தேன். தொட்டில் மாட்டுவதும் அந்த வரிசைகளில்தான். குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் ஒரு குழந்தையை அழவைத்தவள்தானே.

சாப்பாடு. முதல் பயணத்தில் ‘இந்து உணவு’ என்று குறித்துக் கொடுத்தேன், கோழி வந்தது. தவறு என்னுடையது. அந்தக் குறியீட்டுக்குப் பொருள் மாட்டிறைச்சி இல்லாத உணவு என்பதுதான், சைவம் அல்ல. நம் ருசியில் சைவம் வேண்டுமென்றால் ‘ஏ.வி.எம்.எல்.’ என்று கேளுங்கள், ஒரு நாள் முன்பே பதிந்துவிடுங்கள். உயரத்தில் காற்று வறண்டிருப்பதால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும். எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று என் கைப்பையில் எப்போதும் உண்டு.

சென்னையிலிருந்து கிளம்பும் இரவு விமானத்தில் சாப்பாட்டுக்காக விழித்திருக்காதீர்கள். வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு ஏறியதும் படுத்தால் இரண்டரை மணி நேரத் தூக்கம் மிஞ்சும். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போடுங்கள். விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க எழுப்ப மாட்டார்கள். படுக்கை இருக்கிறதே என்று பதினைந்து மணி நேரமும் கிடக்காமல், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்து பிசினஸ் டிக்கெட்டைப் பார்த்து விலகிப்போகாது.

மைல் டிக்கெட்டில் பறந்தால் அந்தப் பயணத்துக்கு மைல் சேராது. திரும்பி வந்த மறுநாள் பேரேட்டை எடுத்துப் பற்றுப் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டேன். நிலுவை 6,212. ஜூலையில் காப்பீட்டுப் பிரீமியம் வருகிறது.